துரைசானியின் வேலிச்செடி

என் மானம் போன கதை இது, தாராளமாகச் சிரியுங்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். துரைசானி அழகுக்காக பங்களா வேலியில் வைத்த உண்ணிச்செடி, குருவிகள் விதை போட்டுச் சாலையோரமெல்லாம் புதராக மண்டிவிட்டது. கம்யூனிஸ்டுகள் ஒளிவார்கள் என்று எங்களை வெட்டச் சொன்னார்கள். வெட்ட வெட்ட முளைத்தது.

ஒருநாள் வேலைக்கு நடுவே வயிறு கலக்கி, புதருக்குள் உட்கார்ந்தேன். செடி அசைந்ததைப் பார்த்த காவல் சிப்பாய், கம்யூனிஸ்டு என்று நினைத்துச் சுட்டுவிட்டான். குண்டு காதோரம் போனது. கைகளைத் தூக்கி எழுந்தேன், கைலி எழவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

என் மனைவி லெட்சுமி மட்டும் சிரிக்காமல், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் போனாள்.

"ஐயா, வெத பங்களா வேலியிலேருந்துதானே வருது? அத மொதல்ல வெட்டச் சொல்லுங்க."

"துரைசானி ஆசையா வச்சது லா. தொடக்கூடாது."

"அப்ப எம் புருஷன் உசுரு?"

கூட்டத்தோடு பின்னால் போயிருந்த என்னைக் கிராணி பார்த்தார். "வேற எடமாப் பாத்து உக்காரச் சொல்லு."

மறுபடி சிரிப்பு. எனக்கு வரவில்லை.

சிப்பாய் என்னைப் பார்க்காமல் சுட்டான். அவனை அன்றே மன்னித்துவிட்டேன். கிராணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.