இரண்டு வலது காதுகள்

கோபத்தில் செய்த கம்மல்தான் கச்சிதமாக அமையும் என்பது மிளகாயின் அனுபவம். சந்தோஷமாக உட்கார்ந்தால் கம்பி தொளதொளத்துவிடும். மணிகள் சண்டை போட்ட சொந்தக்காரர்கள் மாதிரி விலகி விலகி நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாலோ வளையத்தைச் சுற்றி மணியோடு மணி இறுகிக்கொள்ளும். "இன்னிக்குக் கம்மல் அழகா வந்திருக்கே, யாரோ நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க போல" என்பார் பேருந்து ஓட்டும் கணவர். வாங்கிக் கட்டிக்கொண்டவர் பெரும்பாலும் அவர்தான்.

மிளகாய் என்பது மூக்குக் கண்ணாடிப் பட்டறையில் ஒட்டிக்கொண்ட பெயர். கடுகு போன்ற திருகாணியைப் பிடித்துச் சட்டத்தில் காம்புகளைப் பூட்டுவது அவள் வேலை. "பொம்பளைங்க கை மெதுவு" என்று மேற்பார்வையாளர் ஒருநாள் சொல்லப்போக, அவள் கொடுத்த பதிலில் அவருக்குக் கண்ணே எரிந்துவிட்டதாகப் பட்டறையில் பேச்சு. பிறகு பட்டறையை இழுத்து மூடினார்கள். வேலை போனது. கூர்மூக்குக் குறடு மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது.

அந்தக் குறட்டை வைத்துத்தான் வளையக் கம்மல் செய்ய ஆரம்பித்தாள். இருமல் மருந்துப் பாட்டிலில் கம்பியைச் சுற்றினால் வட்டம் கிடைத்தது. இடமோ சாப்பாட்டு மேசை. அதற்கு ஒரு கால் குட்டை. யாராவது முழங்கையை ஊன்றினால் மேசை சாயும், மணிகள் தரையெல்லாம் தெறித்து ஓடும், குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய் ஒளியும். "இந்த ஞாயித்துக்கிழமை மேசைக் காலைச் சரி பண்ணிடறேன்" என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளும் வந்துகொண்டே இருந்தன.

அவள் கம்மலில் ஒரு விசேஷம் உண்டு. கன்னத்தின் பக்கம் அடர் சிவப்பில் தொடங்கும் மணிகள் பின்னால் போகப் போக வெளுத்துக்கொண்டே போகும். வெளிப்புறத்தில் மட்டும் குட்டி மணிகள் தொங்கும். அதனால் செருப்பு மாதிரி அதிலும் இடது வலது உண்டு. மாற்றி மாட்டினால் ஒன்று சிவப்பு பின்னால் போய்விடும், இல்லையென்றால் தொங்கும் மணிகள் கழுத்தைக் குத்தும். கை பழகிய சூட்டிலேயே வலது காதுக்கானதை எல்லாம் முதலில் செய்து பிஸ்கட் டப்பாவில் போடுவாள். பிறகு இடது காதுக்கானவை மிட்டாய் டப்பாவுக்குப் போகும். கடைசியில் அதில் ஒன்று, இதில் ஒன்று எடுத்து ஜோடி சேர்ப்பாள். கண்ணாடிக் காம்பு பூட்டிய நாளிலிருந்தே வந்த பழக்கம் இது.

கடைத்தெருவில் பெரிய துணிக்கடை ஒன்று இருந்தது. அதன் வாசல் கண்ணாடிப் பெட்டியில் தன் கம்மல் தொங்க வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. கடைக்காரம்மா பிடி கொடுக்கவே இல்லை. "வீட்ல செய்யற சாமான் முதல் தடவை சிரிக்கும், அடுத்த தடவை பல்லை இளிக்கும்" என்று தட்டிக் கழித்தார். நடையாய் நடந்து, ஒருவழியாக அந்தப் பெட்டியில் கம்மல் தொங்கவிட ஒரு வரிசைக் கொக்கி கேட்டு வாங்கியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று, ஜோடி சேர்க்காத டப்பாக்களை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து பையைக் கீழே வைப்பதற்குள் தொலைபேசி அலறியது. கடைக்காரம்மா.

"என்னம்மா அனுப்பியிருக்க? ஒரு காதுல சிவப்பு முன்னால நிக்குது, இன்னொரு காதுல பின்னால ஓடுது! வாங்கினவங்க என் எதிர்லயே நிக்கறாங்க. இதுக்குத்தான் வேண்டாம்னேன். வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு, கொக்கியை வேற ஆளுக்குக் குடுக்கறேன்."

"நான் ஒண்ணுமே அனுப்பலையேம்மா!"

"உன் நாத்தனார் கொண்டு வந்து குடுத்தாளே. அப்ப யாரு அனுப்பினது, நானா?"

நாத்தனார் கூடத்தில் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். செல்போன் கடையில் விற்பனைக்கு நிற்பவள். வாய் ஓயாது, மனசில் கள்ளம் கிடையாது.

"அண்ணி, நீங்க வர்றதுக்குள்ள முடிச்சு உங்களை அசத்திடணும்னு நெனச்சேன். டப்பாவுல இருந்ததையெல்லாம் வெளிச்சத்துல வெச்சு, ஒண்ணு போல இருக்கறதாப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தேன். ஒரு துளி வித்தியாசம் இருந்தாக்கூட விடல, தெரியுமா?"

மிளகாய்க்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"ஒண்ணு போல இருந்தா அது எப்படி ஜோடியாகும்? ரெண்டு வலது செருப்பை மாட்டிக்கிட்டு உன் கடைக்கு நடந்து போ, பார்ப்போம்! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"விடும்மா" என்று கணவர் குறுக்கே வந்தார். "உதவி பண்ணத்தானே நெனச்சா…"

"உதவியா? மேசைக் காலுக்கு உதவி கேட்டேனே, வந்துச்சா? கேட்டது வராது, கேக்காதது மட்டும் ஓடி வரும்!"

அப்போதுதான் மேசை மேல் கிடந்த அட்டைக் கட்டு கண்ணில் பட்டது. கம்மல் மாட்டும் அட்டைகள். பூப்போட்ட எழுத்தில் நாத்தனார் அச்சடித்து வாங்கியிருந்தாள்: 'எங்கள் குடும்பக் கைவண்ணம்'.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். குரல் இறங்கிவிட்டது. அவள் குரல் இறங்கினால் அந்த வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

"எந்தக் குடும்பம்? கம்பி குத்தினது யார் விரல்? மணி கொட்டினப்ப பெட்டிக்கு அடியில கையை விட்டுத் துழாவினது எந்தக் குடும்பம்? கிளம்பு. நீயும் வா."

கடையில் அந்த வாடிக்கையாளர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி நிமிர்ந்த முதுகு, முகத்தில் கடுகடுப்பு. மிளகாய் யாரிடமும் சமாதானம் பேசவில்லை. கொக்கியிலிருந்த அத்தனையையும் உருவிக் கல்லா மேசையில் கொட்டினாள்.

"அட்டையெல்லாம் பிரி" என்றாள் நாத்தனாரிடம். "சிவப்பு எந்தப் பக்கம்னு பாரு. வலது இங்க, இடது அங்க. வாயைத் திறக்காத."

நாத்தனார் வாயைத் திறக்காமல் பிரித்தாள். அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை பார்த்திராத காட்சி அது. மிளகாய் ஒரு வலதையும் ஒரு இடதையும் எடுத்து வாடிக்கையாளரிடம் நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். இரண்டு கன்னத்தோரமும் சிவப்பு நின்றது.

"இதை முதல்லயே குடுத்திருந்தா நான் ஏன் வெயில்ல திரும்பி வர்றேன்?" என்று சொல்லிவிட்டுக் கழற்றாமலே போனார்.

கடைக்காரம்மா உடனே மனம் இளகிவிடவில்லை. "இந்த மாசம் தொங்கட்டும். அப்புறம் பார்க்கலாம். ஆனா இனிமே வேற யார் கொண்டு வந்தாலும் வாங்க மாட்டேன். நீதான் வரணும்."

"அதைச் சொல்லத்தான்மா நானும் வந்தேன்."

"அட்டை?"

"வெள்ளையா குடுங்க. ஒரு பேனாவும் குடுங்க."

ஒவ்வொரு அட்டையிலும் 'மிளகாய்' என்று எழுதினாள். பேனா அழுத்திய அழுத்தலில் மறுபக்கமும் தடித்தது. "அண்ணி, அது பட்டப்பேராச்சே…" என்று நாத்தனார் இழுத்தாள். மிளகாய் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டாள்.

வீட்டில் கணவர் தோசைக்கல்லை விளக்குவதில் மும்முரமாக இருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"கோவம் போயிடுச்சா?" என்றார், திரும்பாமலே.

"போகல. இன்னும் வேலை இருக்கு, போகாம இருக்கறதுதான் நல்லது."

மிச்சமிருந்த 'எங்கள் குடும்பக் கைவண்ணம்' அட்டைக் கட்டை எடுத்தாள். மொத்தமாக மடித்து, மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் திணித்துக் குதிகாலால் ஓர் இடி இடித்தாள். பிறகு இரண்டு முழங்கைகளையும் ஊன்றிப் பார்த்தாள். மேசை ஆடவில்லை.

குறட்டை எடுத்து அடுத்த கம்பியை வளைக்கத் தொடங்கினாள்.