மலை வீட்டில் ஆள் இல்லை

பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அப்பா, கட்டிலுக்குப் பக்கத்தில் ஏன் ஒரு சீனக் கவிதைப் புத்தகத்தை, அதுவும் ஜெர்மன் மொழியில் உள்ளதை, வைத்திருக்கிறார் என்று. நான் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் உங்களில் ஒருவருக்கு எங்கேயாவது போக வேண்டி வந்துவிடும். அதனால் எழுதி வைக்கிறேன். இதில் மூத்தவள் வருகிறாள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் அவளை அதுவரை பார்த்திருக்கவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலம். ஜெர்மனியின் தெற்கே, கருங்காட்டுப் பக்கம் ஒரு மலையில் எங்கள் ஹைம் இருந்தது. ஹைம் என்றால் அகதிகளைத் தங்க வைத்த விடுதி. முந்திய காலத்தில் கோடை விடுமுறைக்காரர் வந்து தங்கிய வீடு அது. சுவரில் மான் கொம்புகள் இன்னும் மாட்டியிருந்தன. அண்ணை அதில் சாரம் காயப் போடுவார். அண்ணை என்றால் என் அறையில் இருந்தவர். ஊரில் லொறி ஓட்டியவர், என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. தாண்டுவதென்றால் கந்தோரில், அதாவது மாவட்ட அலுவலகத்தில், கடிதம் வாங்க வேண்டும்.

மூத்தவளே, அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு அந்த ஆவணி மாதம்தான் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். உங்களை வடக்கே, ரயிலில் ஏழு மணித்தியாலத் தூரத்தில் ஒரு ஹைமில் போட்டார்கள். சேர்த்து விடுங்கள் என்று கேட்டேன். அம்மாவின் பாஸ்போர்ட் கலியாணத்துக்கு முன்பு எடுத்தது. அதில் பெயருக்குப் பின்னால் அவருடைய தகப்பனின் பெயர். என்னுடையதில் என் தகப்பனின் பெயர். இரண்டும் வேறு குடும்பப் பெயர், நீங்கள் எப்படிக் கணவன் மனைவி என்று கந்தோரில் கேட்டார்கள். விளக்கிச் சொல்ல என்னிடம் ஜெர்மன் இல்லை. சந்திக்க நேரம் குறித்து ஒரு டெர்மின் கொடுத்தார்கள், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. விவாகப் பதிவுப் பத்திரத்தோடும் எழுத்தில் விளக்கத்தோடும் வர வேண்டும். தவறினால் அடுத்த டெர்மின் வருசம் பிறந்த பிறகுதான்.

விளக்கம் எழுதித் தருவதாகச் சொன்னவர் ஹைமைச் சூடாக்கும் பொயிலரைப் பராமரிக்க வருகிறவர். வெள்ளிக்கிழமைகளில் ஒரு பழைய மொப்பெட்டில் மலை உச்சியிலிருந்து இறங்கி வருவார். என் வயதுதான் இருக்கும். பொயிலர் அறைதான் அந்த வீட்டிலேயே சூடான இடம் என்பதால் நான் கீழே போய் இருப்பேன். அவர் வேலையை முடித்துவிட்டு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுப்பார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். வரிகள் சின்னச் சின்னதாக இருந்தன. கந்தோர்க் கடிதங்களில் ஒரு வசனம் ஒரு பக்கத்துக்கு ஓடும். இதில் நாலு சொல்லில் வசனம் முடிந்தது. நான் ஜெர்மனில் முழுதாக விளங்கி வாசித்த முதல் வசனங்கள் அவைதான்.

எல்லாம் ஆயிரம் வருசத்துக்கு மேல் பழைய சீனப் பாட்டுகள். எழுதியவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்தர். உத்தியோகத்தை விட்டுவிட்டு மலைக்குப் போனவர்கள், அல்லது போக வேண்டும் என்று ஆசைப்பட்டு மேசையிலேயே கிடந்தவர்கள். சிலர் துறவிகள். மலை, மழை, ஒரு குடிசை, அடுப்பில் தேத்தண்ணி. அவ்வளவுதான் விசயம். அந்தப் பாட்டுகளில் ஒரு வகை என்னை முதலில் குழப்பியது. ஒருவர் நாள் முழுக்க மலை ஏறித் தன் துறவிச் சிநேகிதனைப் பார்க்கப் போவார். சிநேகிதன் வீட்டில் இல்லை. வந்தவர் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கோபமில்லாமல் திரும்பி விடுவார். பாட்டு முடிந்தது. இதே கதையைப் பல பேர் பல விதமாக எழுதியிருந்தார்கள்.

அண்ணையிடம் இதைச் சொன்னேன்.

"போய் ஆளைக் காணாததுக்கு ஒரு பாட்டோ?" என்றார். "நான் கிழமைக்குக் கிழமை சோசியல் கந்தோருக்குப் போய் ஆளைக் காணாமல் வாறன். எனக்கு ஒருத்தரும் பாட்டு எழுதேல்லையே, தம்பி."

பொயிலர்க்காரரும் உத்தியோகத்தை விட்டவர்தான். பதினொரு வருசம் அந்த மாவட்டக் கந்தோரிலேயே எழுதுவினைஞராக இருந்தாராம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வெளியே போனேன். திரும்பிப் போக மனம் வரவில்லை," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அடுத்த நாள் போய்க் கந்தோர்க் கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன்," என்றும் சொன்னார். மலையில் தேனீ வளர்த்தார், விறகு வெட்டினார். காலையில் அரை மணித்தியாலம் சுவரைப் பார்த்தபடி சும்மா இருப்பாராம். ஸென் என்று அதற்குப் பெயர் சொன்னார்.

"எந்தக் கடவுளைக் கும்பிடுகிறீர்கள்?"

"ஒருவரையும் இல்லை."

"அப்படியென்றால் யாரிடம் கேட்பீர்கள்?"

"ஒன்றும் கேட்பதில்லை."

எனக்கு அது பெரிய ஆச்சரியம். அந்த நாட்களில் என் சீவியமே கேட்பதுதான். காலுக்குச் சப்பாத்து வாங்க ஒரு விண்ணப்பம், பல் பிடுங்க ஒரு விண்ணப்பம், அடுத்த ஊருக்குப் போக ஒரு விண்ணப்பம். அண்ணைக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்கடை சாமியார்மாருக்குச் சனம் வரிசையிலை நிக்கும். இந்த ஆளிட்டை பூனைகூட இல்லை. என்ன சாமியாரடாப்பா?"

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போக டெர்மின் எடுப்பதில்லை என்று ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தேன். படலையடியில், அதாவது வேலிக் கதவடியில், நின்று கூப்பிடுவோம், ஆள் இருந்தால் தேத்தண்ணி, இல்லையென்றால் திரும்பி வருவோம் என்று. அவர் புத்தகத்தைத் தட்டிக் காட்டி, "இதிலும் அப்படித்தான்," என்று சிரித்தார்.

விளக்கம் எழுதுவதற்காக விவாகப் பத்திரத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டு வருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. திங்கட்கிழமை டெர்மின். அவர் வீட்டில் தொலைபேசி கிடையாது.

ஞாயிறு மத்தியானம் நான் புறப்பட்டேன். அவர் வீடு மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம். பிடிபட்டால் என் பைலில் ஒரு கறுப்புக் கோடு விழும். அந்தப் பைலில்தான் அம்மாவும் நீயும் இருந்தீர்கள். தார் ரோட்டில் எல்லைப் பலகை இருந்ததால் காட்டுப் பாதையால் ஏறினேன். இரண்டு மணித்தியாலம். எல்லையில் ஒரு கல் நட்டிருந்தது. அதைத் தாண்டும்போது செருப்பைக் கழற்ற வேண்டும்போல ஒரு பயம். சப்பாத்துக் கால் என்பதால் அப்படியே தாண்டினேன்.

வீட்டுக்கு முன்னால் நின்று, எங்கள் ஊர் வழக்கப்படி பெலமாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன், மேசையில் ஒரு காகிதமும் இல்லை. உள்ளே போய்த் தேடலாம் என்று கை கதவைத் தொட்டது. போகவில்லை. அவர் இல்லாத வீடு, அதற்குள் நான் எப்படிப் போவது?

வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். முதல் அரை மணித்தியாலம் அவரை மனதுக்குள் திட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். பத்திரத்தைக் கொடுத்த என்னையும் திட்டினேன். பிறகு களைத்துப்போய்ப் பேசாமல் இருந்தேன். கீழே பள்ளத்தாக்கை மூடுபனி மூடியிருந்தது. எங்கள் ஹைம் அதற்குள் எங்கேயோ. தேனீப் பெட்டிகள் குளிருக்குச் சத்தமில்லாமல் இருந்தன. கூரையிலிருந்து தண்ணீர் ஒரு தகர வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இரண்டு வருசமாக நான் காத்திருக்கிறேன். ஆனால் கையில் நம்பர்த் துண்டு இல்லாமல் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடாவிட்டாலும் குற்றமில்லை. அந்தச் சீன மனிதர்கள் ஏன் கோபமில்லாமல் திரும்பினார்கள் என்று அரைகுறையாக விளங்கியது. கவலை போகவில்லை. ஆனால் கவலையோடு சேர்ந்து நன்றாக இருக்கவும் முடிந்தது.

இருட்ட முன்பு இறங்கி வந்தேன். அறைக் கதவைத் திறந்ததும் அண்ணை, "எங்கை போனனீர்? உம்மடை சாமியார் வந்து ரெண்டு மணித்தியாலமாய் இருந்திட்டு இப்பதான் மொப்பெட்டிலை போறார்," என்றார்.

"இங்கையோ வந்தவர்? என்ன அண்ணை சொல்லுறியள்?"

"ஓம். மொப்பெட் பழுதாம், நேற்றுத்தான் திருத்தினதாம். உம்மடை ஊர் வழக்கப்படி சொல்லாமல் வந்திருக்கிறன் எண்டார். கீழை நிண்டு உம்மைப் பேர் சொல்லிப் பெரிசாக் கூப்பிட்டார், முழு ஹைமும் எட்டிப் பார்த்தது. புட்டும் சம்பலும் குடுத்தன். உறைப்பிலை கண்ணாலை தண்ணி ஓடுது, தட்டை நீட்டி இன்னும் போடு எண்டுறார். நல்ல மனுசன்."

"அவர் ஏதும் தந்தவரோ? சொல்லுங்கோ அண்ணை."

"தலகாணிக்குக் கீழை பாரும்."

உறைக்குள் விவாகப் பத்திரமும், தட்டச்சில் இரண்டு பக்க விளக்கமும் இருந்தன. உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'வந்தேன். நீங்கள் இல்லை. உங்கள் நண்பர் என்னை அழ வைத்தார். திரும்பிப் போகிறேன்.' நானும் அண்ணையும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். நான் காட்டுப் பாதையால் ஏறிய நேரம் அவர் தார் ரோட்டால் இறங்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை கந்தோரில் இருந்த அதிகாரி விளக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். தமிழர் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் எப்படி வருகிறது என்று கந்தோர்ப் பாசையிலேயே எழுதியிருந்தது.

"யார் எழுதியது?"

"ஒரு சிநேகிதர். மலையில் இருக்கிறார்."

அதிகாரி திரும்பி ஜன்னலோரத்து மேசையைப் பார்த்தார். "அங்கேதான் இருந்தவர். இப்போது என்ன செய்கிறார்?"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். "விறகு வெட்டுகிறார். தேன் எடுக்கிறார். வாசிக்கிறார்."

அவர் சற்று நேரம் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முத்திரையை எடுத்துக் குத்தினார்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. வடக்கே அம்மாவிடமும் உன்னிடமும் போகலாம். பயணக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து செல்லுபடியாகும். ரயில் பின்னேரம். அன்று காலை பொயிலர் அறையில் அவர் என் கையைப் பிடித்து, சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தந்தார். பொயிலரைக் கழுவும் நாள் என்பதால் அவருக்கு மத்தியானம் வரை வேலை. விடைபெற்றுக்கொண்டேன். பெட்டியை அண்ணையிடம் விட்டுவிட்டு வெளியே வந்தேன். இரவு முதல் பனி கொட்டியிருந்தது.

பயணக் கடிதம் பைக்குள் இருந்ததால் இந்தத் தடவை தார் ரோட்டால், எல்லைப் பலகையைக் கடந்து, நடந்தேன். வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்துதான் போனேன். கூப்பிடவில்லை. சுவரில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து, படிகளிலும் வாங்கிலும் கிடந்த பனியைக் கூட்டினேன். பின்னோக்கி நடந்து, வந்த என் காலடிகளையும் படலை வரை கூட்டிவிட்டு, விளக்குமாற்றைப் படலையில் சாத்தி வைத்தேன்.