பஸ்ரியன் அண்ணையின் சிவப்புப் புள்ளி

எனக்கு வாய் சும்மா இருக்காது. இருந்திருந்தால் பஸ்ரியன் அண்ணைக்கு இன்றைக்கும் வேலை இருந்திருக்கும்.

மன்னார்க்காரர், அறுபத்தொரு வயது. கனடாவுக்கு வந்த வருடம் சென் ஜேம்ஸ் ரவுணில் எந்த மாடிக் கட்டடத்தில் குடியேறினாரோ அதிலேயேதான் இன்னமும் இருக்கிறார். வங்கிக் காசு ஏற்றும் கவச வண்டியில் அவர் துப்பாக்கிக் காவலர், நான் சாரதி. பதினொரு வருடம் ஒரே வண்டி. ஒரு நாளும் ஸ்ரியறிங்கைத் தொடமாட்டார். அண்ணைக்கு ரோட்டைக் கண்டால் பயம் என்று எல்லாருக்கும் முன்னால் நக்கலடிப்பேன். சிரிப்பார். ஆனால் அவருடைய இடப்பக்கம் இருக்கிற நான் வாய் திறந்தால் போதும், தலையை முழுதாகத் திருப்பி என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். என்மேல் அவ்வளவு மரியாதை என்று எனக்குள் ஒரு பெருமை.

வருடா வருடம் சுட்டுக் காட்டவேண்டும். நூற்றுக்கு எண்பது எடுக்காவிட்டால் வேலை இல்லை. அவருடைய மனைவி எமில்டாவின் சிறுநீரக மருந்து கம்பனிக் காப்புறுதியில்தான் வந்துகொண்டிருந்தது. போன வருடம் அண்ணை எடுத்தது எண்பத்தொன்று. கைத்துப்பாக்கியின் இரும்புக் குறியில் முன்முனையும் பின்பள்ளமும் ஒரே நேரில் வரவேண்டும். வயதான கண்ணுக்கு முன்முனை மங்கிவிடும்.

இந்த வருடம் கம்பனி ஒரு விண்ணப்ப ஃபோம் தந்தது. விரும்பினவர்கள் றெட் டொட் எடுக்கலாம், மற்றவர்கள் பழைய குறியோடே இருக்கலாம். துப்பாக்கியின் மேலே சின்னக் கண்ணாடி, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி நிற்கிற இடத்தில் குண்டு போகும்.

"எனக்குப் பழசே காணும், தம்பி."

"முன்முனை தெரியேல்லை எண்டு நீங்கள்தானே புலம்பினனீங்கள்?"

"ஒரு கண்ணை மூடிச் சுட்டே பழகிட்டன்."

"உந்தப் பழங்காலத்துச் சுடுகையை விடுங்கோ அண்ணை."

அவருடைய ஃபோமைப் பறித்து, றெட் டொட் என்று நானே நிரப்பி, ஒப்பீசில் கொடுத்தேன். மாற்றப் போனால் காரணம் கேட்பார்கள் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

விட்பி நகருக்கு அப்பால் உள்ள சுடுதளத்தில்தான் சோதனை. பயிற்றுநர் செரீனா, இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. காலையில் அண்ணை தொண்ணூற்றாறு எடுத்தார். எமில்டாவுக்குச் சொல்லவேண்டும் என்று உடனே ஃபோனை எடுத்தார். பார்த்தீர்களா என் யோசனையை என்று அவருடைய தோளில் தட்டினேன்.

மதியம் செரீனா எல்லாருடைய றெட் டொட் கண்ணாடியின் முன்பக்கத்திலும் கறுப்பு ரேப் ஒட்டினாள்.

"ரெண்டு கண்ணும் திறந்திருக்கோணும், ஓகே? ஒரு கண் டொட்டை மட்டும் பார்க்கும், மற்றக் கண் அங்க இருக்கிற ராகெற் பேப்பரைப் பார்க்கும். பிரெயின் சேர்த்துக் காட்டும்."

எல்லாரும் சுட்டோம். அண்ணை மட்டும் துப்பாக்கியை நீட்டியபடி நின்றார்.

"என்ன அண்ணை, நித்திரையோ?" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஐந்து குண்டு சுட்டார். ஒன்றுகூட இலக்குக் காகிதத்தில் படவில்லை. ஆகப் பலமாகச் சிரித்தது நான்தான்.

செரீனா சிரிக்கவில்லை. துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, அவருடைய வலது கண்ணைத் தன் கையால் மூடினாள்.

"அங்கிள், மற்றக் கையில எத்தினை விரல் காட்டுறன்?"

"ரெண்டு."

அவள் மற்றக் கையைத் தூக்கவே இல்லை.

இளம் வயதில் ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரனின் துவக்குப் பிடியால் இடது புருவத்தில் அடி வாங்கியிருக்கிறார். வெளியில் பார்க்கக் கண் கண்ணாகவே இருந்தது, உள்ளே நரம்பு செத்துப் பார்வை போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்தபோது நடந்த கண் பரிசோதனையில் கையை மட்டும் மாற்றிக்கொண்டு, இரண்டு தரமும் அதே இடது கண்ணை மூடினாராம். இரும்புக் குறிக்கு ஒரு கண் போதும், ரேப் ஒட்டின கண்ணாடிக்கு இரண்டும் வேண்டும். பத்தொன்பது வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு கிழமையில் வேலை போனது, காப்புறுதியும் போனது.

அவருடைய லொக்கரில் கிடந்த சாமான்களைக் கொண்டு வீட்டுக்குப் போனேன். எமில்டா அக்கா கதவைத் திறந்தார்.

"அந்த ஃபோமை நிரப்பினது நீங்களோ, தம்பி?"

"ஓம், அக்கா."

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. அண்ணை சோஃபாவில் இருந்தார். பழக்கதோசத்தில் அவருடைய இடப்பக்கத்தில் போய் இருந்தேன்.

"அண்ணை," என்றேன். பிறகு இன்னொரு தரமும் கூப்பிட்டேன்.

அவர் தலையைத் திருப்பவில்லை.