வலப்பக்கம் பூட்டிய கடைசல் மெஷின்

மரம் கடைகிறவன் கை மரத்துப்போவதைவிடப் பெரிய கேலி இருக்க முடியாது. எனக்கு அதுதான் நடந்தது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் பிழைத்துக்கொண்டது. பேச்சும் வந்துவிட்டது, திட்டுகிற பேச்சுதான் முதலில் வந்தது என்பாள் என் மனைவி. வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது. தொட்டாலும் சுட்டாலும் அதற்குத் தெரியாது. கட்டில் கால், தொட்டில் கட்டை, தறிக்காரர்கள் நூல் சுற்றும் கட்டை என்று இருபது வருடம் உளி பிடித்த கை.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், கடைசல் மெஷின் எட்டு மாதம் சும்மா கிடந்தது. கூரை ஒழுகி, பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. "காயலான் கடைக்குப் போட்டுடு" என்றேன். இனி நான் எதற்கும் ஆக மாட்டேன் என்று பார்க்கும்போதெல்லாம் அது சொல்வதாகவே பட்டது.

மனைவி பட்டு நெய்கிறவள். அறுந்த இழையைக் கண்டால் சேர்க்காமல் நகர மாட்டாள். "ஓடுற மாதிரி பண்ணி வித்தா வாங்கறவங்க தொழில் பண்ணுவாங்க இல்ல? இன்னாத்துக்கு இரும்பு எடைக்குப் போடணும்?" என்றாள். தாமலில் ஒரு தச்சர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் முடிக்க வேண்டும் என்று மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினோம்.

அவள் எதிரே நின்று ஸ்பேனரில் தொங்குவாள். நான் இந்தப் பக்கம் நட்டை இடது கையால் பிடித்துக்கொள்வேன். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தாள். இறுகிய பேரிங்கைப் பைப்புத் துண்டு வைத்துத் தட்டியே வெளியே எடுத்தாள். புதியதை வாங்கி, கிரீஸ் வைத்து ஏற்றினோம். மற்றபடி என் வேலை, குறை சொல்வது. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை மாத்திரை மயக்கத்தில் நான் கண்ணயர்ந்த நேரம், எதிர்வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டு அவளே எல்லாவற்றையும் பூட்டிவிட்டாள். போய்ப் பார்த்தேன். மரத்தைச் சுழற்றும் பகுதியை ஹெட் என்போம். கடைகிறவனுக்கு அது இடப்பக்கம் இருக்க வேண்டும். இங்கே வலப்பக்கம் இருந்தது. மோட்டாரையும் அதற்கேற்றபடி திருப்பி வைத்திருந்தாள்.

"கண்ணு எங்க இருக்குது உனக்கு? தலைய வால் பக்கம் வெச்சிருக்க!" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் நைசாக நழுவிவிட்டார்.

"கழட்டும்போது என் வலது கைப்பக்கந்தாங்க இருந்துச்சு" என்றாள். வாஸ்தவம்தான். கழற்றும்போது எனக்கு எதிரே நின்றவள், பூட்டும்போது என் இடத்தில் நின்றிருக்கிறாள்.

அவள் தப்பை நிரூபிக்கத்தான் மெஷின் முன்னால் போனேன். "இப்ப உளிய எப்படிப் புடிக்கறது, பாரு!" என்று பிடியை இடது கையால் இடுப்போடு அணைத்துக் காட்டினேன். காட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் திருட்டுத்தனமாக இடது கையால் முயன்றிருந்தேன். அப்போது இடப்பக்கம் இருந்த ஹெட் முழங்கையை இடித்தது. இப்போது எதுவும் இடிக்கவில்லை. பிடியை ஆட்டுகிற வேலை இடது கைக்கு வந்துவிட்டது. வலது கை, உளியின் முன்பகுதி மேல் கனமாகக் கிடந்தால் போதும். சும்மா கிடப்பது அதற்கு நன்றாகவே தெரியும்.

மோட்டாரைப் போட்டோம். மரம் என் பக்கம் இறங்காமல் அந்தப் பக்கமாகச் சுற்றியது. உளி வெட்டாமல் எகிறியது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று மறுபடி ஆரம்பித்தேன். அவள் என்னைக் கண்டுகொள்ளாமல், மோட்டாரிலிருந்து ஹெட்டுக்கு ஓடும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழைகளை மேலும் கீழுமாகக் குறுக்கே மாற்றி மாற்றிப் பழகிய கண் அது.

"இத எட்டு மாதிரி குறுக்க மாட்டுனா இன்னா ஆவும்?"

மாட்டினோம். மரம் என்னைப் பார்த்துச் சுற்றியது.

வேப்பங்கட்டையில் உளியை வைத்தேன். சீவல் சுருண்டு சட்டைமேல் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. கட்டை என்னவோ சுரைக்காய் மாதிரிதான் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே தாமலுக்குப் போன் செய்து, "வராதீங்கபா, விக்கறதா இல்ல" என்றேன்.

மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று கட்டையைப் பாழாக்கினேன். ஐந்தாவது, பார்க்கிறபடி வந்தது. தண்ணீர் கொண்டுவந்த மனைவி, "கை வலிக்குதாங்க?" என்றாள். எங்கள் வீட்டில் அந்த எட்டு மாதமும் கை என்றால் இடது கைதான். பாவம், எல்லா வேலையும் அது ஒன்றுதானே செய்தது.

"ரெண்டும் வலிக்குது, போ" என்று எரிந்து விழுந்தேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அதற்குள் அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்திருந்தாள்.