சாப்பிடவில்லை என்றுதான் சொன்னார்

ஜெர்மன் சண்டை ஓய்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். பினாங்கில், ஜார்ஜ் டவுனில், ஓர் ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட நிரம்பவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். டிரஸ்ஸர் என்றால் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன் என்று நம் ஊரில் நினைப்பார்கள். அங்கே அவன் கட்டும் போட வேண்டும், மருந்தும் கலக்க வேண்டும், டாக்டர் துரை பேசும் இங்கிலீஷைத் தமிழருக்கும் தமிழர் பேசுவதைத் துரைக்கும் மாற்றிச் சொல்லவும் வேண்டும். அந்தக் கடைசி வேலையில்தான் எனக்குப் பெருமை அதிகம். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து சென்னையில் படித்தவன், எனக்குத் தமிழ் தெரியாதா என்ன? அந்தத் திமிரோடுதான் கப்பலை விட்டு இறங்கினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த மனிதருக்கு நாற்பது வயது இருக்கும். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். துறைமுகத்தில் கப்பலிலிருந்து தொங்கான் என்ற சரக்குப் படகுக்கு அரிசி மூட்டை இறக்கும் வேலை. மூட்டை தூக்கித் தூக்கி அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். இருமினால் வெளியே துருத்தும், படுத்தால் உள்ளே போகும். ஒரு பழைய கைலியைக் கிழித்து இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷமாக அதோடு மூட்டை சுமந்திருக்கிறார். என்றைக்காவது ஒருநாள் குடல் உள்ளே போகாமல் சிக்கிக்கொள்ளும், அன்றைக்கு உயிருக்கே ஆபத்து, இப்போதே அறுத்துத் தைத்துவிடலாம் என்று துரை சொன்னார்.

அவருக்குக் கத்தி என்றாலே பயம். மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும், "வெட்டாம ஒரு மருந்து குடுங்களேன் தம்பி" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். நான் விடவில்லை. தூங்கி எழுந்திருப்பதுபோலத்தான், வலியே தெரியாது, பத்து நாளில் நடந்து வீட்டுக்குப் போகலாம் என்று பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். துரை என் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறுவைக்கு முதல் நாள் அவரை வார்டில் சேர்த்தார்கள். சாயங்காலம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவருடைய மனைவி முக்காட்டைச் சரி செய்துகொண்டு கட்டிலின் கால்மாட்டில் தள்ளி நின்றார். அறுவைக்குப் பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். தையல் பிரியும்வரை எழுந்து உட்காரக் கூடாது. இருமல் வந்தால் கையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும். முக்கக் கூடாது. கட்டை அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. பச்சிலை, திருநீறு, ஓதிய தண்ணீர் எதையும் புண்ணில் தடவக் கூடாது. திருநீறு என்றதும் அவர் சிரித்தார். "நாங்க எங்க தம்பி திருநீறு பூசப் போறோம்?" என்றார். நானும் சிரித்தேன். மூட்டையை எப்போது தூக்கலாம் என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு நினைக்கவே கூடாது என்றேன். அவர் மனைவி, அப்படியே ஆகட்டும் என்று தலையை ஆட்டினார்.

அரைமணி நேரம் பேசினேன். எல்லாம் பிறகு செய்ய வேண்டியவை. அறுவைக்கு முன்னால் செய்ய வேண்டியதை, போகிற போக்கில், வார்டு வாசலில் நின்று திரும்பி ஒரே வாக்கியமாகச் சொன்னேன்.

"காலையில சாப்பிடாம இருங்க."

ஏன் என்று சொல்லவில்லை. குளோரோபாரம் கொடுக்கும்போது வயிற்றில் எது இருந்தாலும் அது மேலே வரும், மயக்கத்தில் கிடப்பவனுக்கு அதைத் துப்பத் தெரியாது, மூச்சுக்குழாயில் இறங்கி அடைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பயந்த மனிதரை மேலும் பயமுறுத்துவானேன் என்று நினைத்தேன். அது ஒரு சாக்கு. உண்மையில் அப்போது எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். ஜெலுத்தோங் பக்கம் ஓர் அறையில் தங்கியிருந்தேன், டிராம் போய்விடும் என்று ஓடினேன்.

மறுநாள் காலை கத்திகளைக் கொதிக்க வைப்பதிலும் துணிகளை அடுக்குவதிலும் இருந்தேன். ஒன்பது மணிக்கு அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். முகத்தில் பயம் இருந்தாலும் சிரித்தார். துரை கையைக் கழுவிக்கொண்டே, சாப்பிட்டானா என்று கேள் என்றார். கேட்டேன்.

"இல்ல தம்பி. நீங்க சொன்ன பொறவு சாப்பிடுவனா?"

துரை பக்கம் திரும்பி, நேற்று இரவிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். கவனியுங்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. சாப்பிடவில்லை என்றுதான் சொன்னார். மீதியெல்லாம் நானாகச் சேர்த்தது.

குளோரோபாரம் துணியை முகத்தில் வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கத்தி தோலில் படவே இல்லை. திடீரென்று அவர் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. வாயிலும் மூக்கிலும் வெள்ளையாக வந்தது. தேங்காய்ப்பால், அதில் ஊறிய ஆப்பத்துண்டுகள். தலையைக் கீழே சரித்தோம், நாக்கை இடுக்கியால் இழுத்துப் பிடித்தோம், விரலை விட்டுத் தோண்டினோம். முகம் நீலமாகிக்கொண்டே வந்தது. துரை அவர் கைகளைப் பிடித்து மேலே தூக்கியும் மார்பில் அழுத்தியும் மூச்சு வரவழைக்கப் பார்த்தார். வேர்த்துக் கொட்டித் துரை ஓய்ந்தபோது நான் மாறிக்கொண்டேன். எவ்வளவு நேரம் செய்தேனோ தெரியாது. போதும் என்று துரை என் தோளைத் தொட்டார்.

பிறகு என்னைப் பார்த்து, நீ கேட்டாயா என்றார். கேட்டேன் என்றேன். என்ன சொன்னான் என்றார். இல்லை என்று சொன்னார் என்றேன். பொய் சொல்லி உயிரை விட்டிருக்கிறான், முட்டாள் என்று துரை தொப்பியைக் கழற்றி எறிந்தார்.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதும் டிரஸ்ஸர்தான். வராந்தாவில் அந்த அம்மாளும் அவருடைய தம்பியும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் கையில் ஒரு தூக்கு, காலி. என்னைப் பார்த்ததும், "முடிஞ்சிருச்சா தம்பி?" என்று ஆவலோடு ஓரடி முன்னே வந்தார். அந்தத் தூக்கைக் கண்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது பயத்தில் வந்த கோபம். துரை என்னை என்ன செய்வாரோ, வேலை போய்விடுமோ என்ற பயம். கணவர் இறந்துபோன செய்தியை இன்னும் சொல்லாத ஒரு பெண்ணிடம், "சாப்பாடு குடுத்தீங்களா?" என்று கத்தினேன்.

"இல்ல தம்பி. சோறு ஒரு பருக்கை குடுக்கல. நீங்கதான் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே. பசியாற மட்டுந்தான் குடுத்தேன். ரெண்டே ரெண்டு ஆப்பம்."

இதைப் படிக்கும் பலருக்குப் புரியாது. பினாங்கில் நம் ஆட்கள் காலையில் சாப்பிடுவதில்லை. பசியாறுகிறார்கள். ரொட்டியோ ஆப்பமோ இடியப்பமோ, எத்தனை தின்றாலும் அது பசியாறல். சாப்பாடு என்றால் சோறு, அது உச்சிப்பொழுதில்தான். காலையில் சாப்பிடாதீர்கள் என்று யாராவது சொன்னால், சரி, யார் காலையில் சோறு தின்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தெரியும். நான் காப்பி குடிக்கும் கடையில் தினமும், "பசியாறியாச்சா?" என்றுதான் என்னைக் கேட்டார்கள். இவர்கள் தமிழைப் பாருங்கள் என்று கேலி செய்து ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன். வார்டு வாசலில் நின்றபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

அந்த அம்மாள் சொன்ன கணமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு நான் வாயைத் திறந்து சொன்னது இதுதான்.

"அந்த ஆப்பம்தாம்மா உங்க வீட்டுக்காரரைக் கொன்னுடுச்சு."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பழி என் மேல் விழுவதற்குள் எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது, எதிரில் அவர் நின்றார். அந்த அம்மாள் அழவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தம்பிதான் ஓவென்று அலறினார்.

அன்று மாலை துரை எழுதிய குறிப்பில், உணவு உட்கொண்டதை நோயாளி மறைத்துவிட்டார் என்று இருந்தது. கீழே என் கையெழுத்தைக் கேட்டார்கள். போட்டேன்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். அந்த அம்மாளின் தம்பி வெளியே வந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"அக்கா இத்தாவுல இருக்குலா அண்ணே. புருஷன் போனா நாலு மாசம் பத்து நாளு வெளி ஆம்பளைங்க முகத்தைப் பார்க்கக் கூடாது."

எனக்கு அப்போது ஏற்பட்டது ஆறுதல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆறுதல்தான். இன்னும் நாலு மாதம் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தம்பி என்னைத் தெருமுனைக் கடைக்கு அழைத்துப் போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து துக்கம் கேட்க வந்தது நீங்கள் ஒருவர்தான் என்று கண் கலங்கினார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இடையில் நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசலை ஒட்டிய கடைகளில் பகலெல்லாம் அடுப்பு எரியவில்லை. வெயிலில் மூட்டை இறக்குகிறவர்கள் எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டு போனதை டிராமிலிருந்து பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோன்பு மாதிரி இருங்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவர் வாயில் பட்டிருக்காது. சிறு வயது முதல் பழகிய கட்டுப்பாடு. அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை. டிராமில் அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனர் நகர்ந்து உட்கார்ந்தார்.

நாள் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாலு மாதம் பத்து நாள் முடிந்தது. உடனே போனேனா? இல்லை. இன்று, நாளை என்று மேலும் இரண்டு வாரம் கடத்தினேன். போனபோது அந்தத் தம்பி மட்டும் இருந்தார்.

"அக்காவ ஊருக்குக் கப்பல் ஏத்தியாச்சு அண்ணே, போன வெள்ளிக்கெழம. இங்க இருந்தா விடிஞ்சதும் அடுப்பு முன்னால போயி உக்காந்துருது. ஆப்பச்சட்டிய ஒடச்சிருச்சு. நாந்தான் கொன்னேன், நாந்தான் கொன்னேன்னு அதே பேச்சு. யாரு சொல்லியும் கேக்கல."

அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அல்லா காப்பாற்றுவார் என்று ஏதோ உளறிவிட்டுத் திரும்பினேன். பிறகு இரண்டு தடவை நாகூருக்குக் கடிதம் எழுதினேன். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, யாராவது படித்துக் காட்ட வேண்டும், படிக்கிறவர் என்ன நினைப்பாரோ என்று இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

இப்போதும் நான் டிரஸ்ஸர்தான். கத்திக்குப் போகிறவர்களிடம், விடிந்ததிலிருந்து வாயில் என்ன வைத்தீர்கள், தேத்தண்ணியா, வெற்றிலையா, மாத்திரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். ஏன் கூடாது என்று காரணத்தையும் சொல்கிறேன். வீட்டாரையும் கூப்பிட்டுச் சொல்கிறேன். ஜாக்கிரதையான டிரஸ்ஸர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். புதிதாக வருகிற துரைகள் மெச்சுகிறார்கள். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் கத்திகளைக் கொதிக்க வைக்கிற சாக்கில் அங்கிருந்து நழுவிவிடுகிறேன்.

இந்தப் பத்திரிகை நாகூருக்குப் போகிறதா என்று எனக்குத் தெரியாது. போனாலும் அந்த அம்மாள் காதுக்கு எட்டும் என்ற நம்பிக்கை இல்லை. உயிரோடு இருந்தால், தன் கையால்தான் கணவர் செத்தார் என்று இன்றைக்கும் அவர் நம்பிக்கொண்டிருப்பார்; அது பொய் என்று அறிந்த ஒரே ஆள் நான், சொல்வதற்கு நாள் இருந்தபோதெல்லாம் சும்மா இருந்தவனும் நான்தான்.