சிவப்பு வட்டத்துக்குள் நின்ற ஆள்

பக்கத்து வீட்டு அண்ணை காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் பத்து மணியாகியும் திரும்பவில்லை. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா எங்கள் கேற்றடியில் வந்து நின்று, "தம்பி, இவரை எங்கயும் கண்டனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா," என்றேன். அது உண்மை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அண்ணைக்கு அறுபத்தொன்பது வயது. வயல்களிலும் நெல் ஆலைகளிலும் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்தி வந்தவர். வேலைக்குப் போவதை நிறுத்தி ஏழெட்டு வருடமாகிறது. நான் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவன். துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில் இருபத்திரண்டு வருடமாக அடுத்தடுத்த வீடு. எங்களுக்கிடையில் ஓர் எல்லைப் பிரச்சினையும் இருந்தது. அவருடைய முருங்கைமரம் என்னுடைய தகர வேலியில் சாய்ந்து நின்றது. அதைப்பற்றி வருடத்துக்கு இரண்டு தரம் சத்தமாகக் கதைப்போம். மற்ற நாட்களில் அந்த மரத்து முருங்கைக்காய்தான் எங்கள் வீட்டுக் கறி.

பின்னேரம் பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். கனடாவில் இருக்கும் அவர்களுடைய ஒரே மகள், எங்கள் ஊர் பேஸ்புக் குழுவில் அறிவித்தல் போட்டாள். அந்தக் குழுவில் அதுவரை காணாமல் போனவை ஆடுகள், அடையாள அட்டைகள், ஒரு தடவை ஒரு தையல் மெசின். மகளிடம் இருந்த படம் அவளுடைய கலியாணத்தில் எடுத்தது. கோட்டு, கழுத்துப்பட்டி, அடர்த்தியான மீசை, கறுப்புச் சாயம் பூசிய தலை. அண்ணை மீசையை வழித்துப் பத்து வருடமாகிறது. தலையில் பாதி மயிரும் போய்விட்டது. இதை அக்காவிடம் சொன்னேன்.

"அதுதான் தம்பி அவரின்ர நல்ல படம்," என்றார் அக்கா.

அதே படத்தைக் கடதாசியில் அடித்து, கோதுமை மாப் பசையால் பஸ் நிலையத்தைச் சுற்றி ஒட்டினோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகள்போலத் திரியும் மான்கள் எட்டக்கூடிய உயரம் வரைக்கும் தின்றிருந்தன. சில சுவர்களில் அண்ணையின் நெற்றி மட்டும் மிஞ்சியிருந்தது.

புதன்கிழமை ஒருவர் குழுவில் ஒரு செருப்பின் படத்தைப் போட்டார். உள் துறைமுகக் கரையில் கிடந்த நீல இறப்பர் செருப்பு, இடது கால். அந்தக் கரையில் எந்த நாளும் பத்துச் செருப்பாவது கிடக்கும். ஆனாலும் மத்தியானத்துக்குள் அது அண்ணையின் செருப்பு என்று முடிவாகிவிட்டது. கலியாணப் படத்தில் அண்ணை சப்பாத்து போட்டிருந்தார். அந்தச் சப்பாத்தின் நீளத்தை ஒருவர் அளந்து, செருப்போடு ஒத்துப்போகிறது என்று எழுதினார். லண்டனில் இருக்கும் ஒருவர் வரைபடத்தில் அம்புக்குறி போட்டு, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த இடத்தில் தேட வேண்டும் என்று விளக்கினார். அவர் ஊரை விட்டுப் போய் முப்பது வருடமாம். கடல் மாறியிருக்காது என்று நினைத்திருப்பார்.

அக்கா செருப்பைப் பார்த்துவிட்டு, "இது இவரின்ரை இல்லை. இவர் பிறவுண்தான் போடுறவர்," என்றார். அதை நான் குழுவில் எழுதினேன். மனைவி அதிர்ச்சியில் இருக்கிறார், அவருடைய பேச்சை எடுக்க ஏலாது என்று கீழே ஒருவர் பதில் போட்டார். அதற்கு நாற்பது பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

உப்புவெளியில் இருந்து மீன்பிடிக்கிறவர்கள் நான்கு படகில் வந்து அம்புக்குறி போட்ட இடம் முழுக்கத் தேடினார்கள். வலையில் கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையும் இன்னொரு செருப்பும் வந்தன. இரண்டாவது செருப்பும் இடது கால்தான். அதைப்பற்றிக் குழுவில் ஒருவரும் எழுதவில்லை. அக்கா கரையில் குடையைப் பிடித்தபடி நின்றார். ஒவ்வொரு தரம் வலையை இழுக்கும்போதும் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை என்னைக் கண்டுபிடித்தார்கள்.

பஸ் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் ஒரு கடையின் கமராவில் செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு அண்ணை பதிவாகியிருந்தார். வழக்கமாக இடுப்பில் கட்டும் சாரம் இல்லை, காக்கிக் காற்சட்டையும் பழைய வேலைச் சட்டையும். பத்தடி பின்னால் இன்னொரு ஆள், கையில் ஒரு துணிப்பையோடு. யாரோ அந்த ஆளைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, "இவர் யார்? ஏன் பின்தொடர்கிறார்?" என்று கேட்டிருந்தார்.

வட்டத்துக்குள் நின்றது நான். மீன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் அந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் வாசித்தேன். என்னுடைய நடை சாதாரணமாக இல்லை என்றார் ஒருவர். இரண்டு வருடத்துக்கு முன் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவன் வேறெப்படி நடப்பது? பை வெறுமையாக இல்லை, கனமான ஏதோ இருக்கிறது என்று இன்னொருவர் எழுதினார். அது சரிதான். மூன்றாவது ஆள், முன்பு எங்கள் வீதியில் குடியிருந்தவர் போலிருக்கிறது, "இருவருக்கும் இடையில் நீண்டகால எல்லைத் தகராறு உண்டு" என்று எழுதினார். முருங்கைக்காயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "நீங்கள் செய்யேல்லத்தானே? பிறகேன் அதை வாசிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்?"

"என்னைப் பற்றித்தானே எழுதுறாங்கள்."

"அப்ப போய்ப் பொலிசில சொல்லுங்கோ."

போனேன். தமிழ் கதைக்கும் சார்ஜன்ட் ஒருவர் என்னை இருத்தி விசாரித்தார். அண்ணையைக் கண்டீர்களா என்று கேட்டார். காணவில்லை என்றேன். அவர் கமராப் படத்தைக் காட்டினார். அதில் இருப்பது நான்தான், ஆனால் காணவில்லை என்றேன். இதை எழுத அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"பைக்குள்ள என்ன இருந்தது?"

"மீன் வெட்டுற கத்தி ரெண்டு. சாணை பிடிக்கக் கொண்டு போனனான்."

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "ஐயா, இதை வெளியில ஒருத்தரிட்டயும் சொல்லாதையுங்கோ," என்றார். சாணைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

கத்தியோ வட்டமோ என்னை அவ்வளவு வருத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் வேலிக்கு அப்பால் பார்த்த முதுகு அது. பத்தடிதான் தூரம். காற்சட்டை போட்டிருந்தபடியால் யாரோ வேலைக்குப் போகிற ஆள் என்று நினைத்திருக்கிறேன். அல்லது ஒன்றும் நினைக்கவில்லை. "அண்ணை, எங்க வெளிக்கிட்டாச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அக்கா கடற்கரையில் நிற்க வேண்டி வந்திராது. அன்று நான் சோறு சாப்பிடவில்லை. மனைவி கேட்டபோது வயிறு சரியில்லை என்றேன்.

வெள்ளி காலையில் மகள் கனடாவில் இருந்து எனக்குப் போன் எடுத்தாள். எங்கள் முற்றத்தில் விளையாடி வளர்ந்த பிள்ளை. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா சாப்பிட்டாவோ என்று விசாரித்துவிட்டுச் சொன்னாள்:

"மாமா, நான் ஒண்டு கேப்பன். கோவிக்கக் கூடாது. உங்களுக்கு ஏதும் தெரியுமோ? தெரிஞ்சால் சொல்லுங்கோ, நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்."

"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை," என்றேன்.

"சரி மாமா," என்று வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். எழும்பவேண்டும் என்று தோன்றவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிபோல, இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து அக்கா வீட்டுக் கேற்றில் தட்டினார். அண்ணைக்கு முப்பது வருடம் பழக்கமானவர். பேஸ்புக் பார்க்காத ஆள். நானும் என் மனைவியும் அப்போது அக்காவோடுதான் இருந்தோம்.

"அண்ணை கேட்ட பெயாரிங் முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ தெரியேல்ல. ஆள் பின்னேரம் வருவாரோ?" என்று கேட்டார்.

அக்கா எழும்பிப் படிக்கு வந்தார். அவர் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தன்னுடைய போனை எடுத்து நீட்டினார். தம்பலகாமத்தில் ஒரு நெல் ஆலைக்காரர் பெயாரிங் கேட்டு அனுப்பிய படம். கழற்றிப் போட்ட ஒரு தண்ணீர் மோட்டார், அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து நட்டொன்றைத் துடைக்கும் ஓர் ஆள். மீசை இல்லை. தலையில் பாதி மயிர் இல்லை.

அக்கா படியில் அப்படியே குந்தியிருந்துவிட்டார். "சாப்பிட்டிருப்பாரோ?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்காரர் இரண்டு அளவிலும் பெயாரிங் தந்தார். அக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அக்கா பெயாரிங் பொதியை மடியில் வைத்திருந்தார்.

அண்ணை முன்பு திருத்தி வந்த ஆலைகளில் அதுவும் ஒன்று; ஆலைக்காரர் அதைப் பிறகு வாங்கியவர், கிண்ணியாவைச் சேர்ந்தவர். எங்களைக் கண்டதும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். "செவ்வாய்க்கிழமை காலம்பற வந்தாரு. 'மோட்டர் எங்க?' எண்டாரு. நான் ஒருத்தருக்கு மோட்டர் திருத்த ஆள் அனுப்பச் சொல்லி வச்சிருந்தன், அவர் அனுப்பின ஆள் எண்டு நெனச்சன். அந்தியில போகச் சொன்னா, வேல முடியல்ல எண்டாரு. இந்த ரோட்டுல இருட்டினா காட்டு ஆன நிக்கும். காவல்காரர்ர அறையில படுக்க வச்சன். நல்ல வேலக்காரர்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தக் கோட்டுப் போட்ட ஐயாவா? நான் அத மூணு குழுவுக்கு அனுப்பினேனே! கெடைக்கணும் எண்டு துஆவும் எழுதினேனே!"

அண்ணை மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும், "பெயாரிங் கொண்டு வந்தனீரோ?" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். "நீ ஏன் இந்த வெயிலுக்க வந்தனீ?"

"பாண் வாங்கவெண்டெல்லோ போனனீங்கள்," என்றார் அக்கா.

அண்ணை யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கையில் இருந்த நட்டுக் கழற்றும் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாண் முடிஞ்சுது எண்டவங்கள்," என்றார்.

அக்கா பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து இருந்துகொண்டார். அண்ணை பெயாரிங்கைப் பூட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. முக்கால் அங்குலம்தான். நான் வெளியே போய் மகளுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, உள்ளே வந்து அவரைக் காட்டினேன். அவள் அழுத சத்தத்தில் ஆலைக் காவல்காரர் திரும்பிப் பார்த்தார். மோட்டார் முதல் தரத்திலேயே வேலை செய்தது.

திரும்பி வரும் வழியில் பொலிசுக்குப் போனோம். அதே சார்ஜன்ட். "ஐயா எங்க போனனீங்கள்?"

"வேலைக்கு."

"எப்ப போனனீங்கள்?"

"இண்டைக்குக் காலமைதான்," என்றார் அண்ணை.

சார்ஜன்ட் அக்காவைப் பார்த்தார். அக்கா அண்ணையின் சட்டைக் கொலரில் இருந்த கிறீசைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். "வேலைக்குச் சென்றிருந்தார்" என்று எழுதி சார்ஜன்ட் முறைப்பாட்டை முடித்தார்.

மகள் குழுவில் புதுப்படத்தைப் போட்டாள். நிறையப் பேர் மகிழ்ச்சி தெரிவித்தார்கள். ஒருவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, காதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இது வேறு ஆள் என்றார். லண்டன்காரர் தன்னுடைய கணிப்பு காணாமல் போனவர் கடலுக்குப் போயிருந்தால் மட்டும்தான் பொருந்தும் என்று விளக்கம் கொடுத்தார். இன்னொருவர், "கூட்டிக்கொண்டு வந்ததும் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான், யோசியுங்கள்" என்று எழுதினார். ஒருவரும் எதையும் அழிக்கவில்லை. ஒரு கிழமையில் யாருடையதோ ஆடு காணாமல் போனது. பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

ஆஸ்பத்திரியில் மறதி நோய் என்றார்கள். அடுத்த மாதம் மகள் வந்து மூன்று கிழமை நின்றாள். வந்த இரண்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் இருந்த கதிரைக்கு எதிரே இருந்தாள்.

"மாமா, அண்டைக்கு நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேக்க வேண்டியதைத்தான் கேட்டனீ," என்றேன். பிறகு, மனைவியிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். "பத்தடி பின்னால போனனான் பிள்ளை. எனக்கு உன்ர அப்பாவைத் தெரியேல்ல."

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் எந்தப் படத்தைப் போட்டனான் எண்டு பாத்தனீங்கள்தானே மாமா," என்றாள்.

போவதற்கு முன் அவள் ஒரு பழைய தண்ணீர் மோட்டார் வாங்கி முற்றத்தில் முருங்கைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அண்ணை காலையில் அதைக் கழற்றுவார், பின்னேரம் பூட்டுவார். கேற்றுக்கு இப்போது பூட்டு உண்டு, அதைத் திறக்கும் திறப்பு ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் போய்ப் பக்கத்தில் இருந்து கேட்கிற நட்டுச் சாவியை எடுத்துக் கொடுப்பேன். முதலில் பூட்டி முடித்த பின் ஒன்றும் மிஞ்சியதில்லை. இப்போது சில நாட்களில் ஒரு நட்டு, ஒரு வாஷர் என்று மிஞ்சுகிறது. அக்கா அவற்றைப் பொறுக்கி, ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு, அவர் காணாதபடி குசினி அலுமாரிக்குள் வைக்கிறார்.