பன்னிரண்டு புள்ளி நாற்பத்தாறு

யட்டவத்தையில் மிளகு வாங்கும் கடையொன்றில் ஈரம் பார்ப்பவன் இப்திகார். புள்ளியை மட்டந்தட்டி, கிட்டிய முழு எண்ணாகத்தான் ஈரத்தை எழுத வேண்டும்; அது பன்னிரண்டு வீதத்தைத் தாண்டினால் மூட்டை வீட்டுக்குத் திரும்பிவிடும். மெஷின் 12.46 காட்டினால் அவன் முதலில் 12.5 ஆக்குவான், பிறகு அதை 13 ஆக்குவான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன், ஆறு வருடமாக அதைத்தான் கணக்கு என்று நம்பியிருந்தான்.

அன்று தங்கை றுஸ்னாவின் மூட்டைக்கும் 12.46 வந்தது.

"நானா, ஏன் ரெண்டு தரம் மட்டந்தட்றீங்க? நாப்பத்தாறு அரைக்குக் கொறவுதானே? ஒரேயடியாத் தட்டினா பன்னெண்டுதான்."

இப்திகார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அவள் சொன்னதுதான் சரி. பன்னிரண்டு என்று எழுதினான்.

வரிசையில் அடுத்து மூட்டையோடு நின்ற மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, போன மாசம் எனக்கும் இதே நாப்பத்தாறுதாங்க. பதிமூணுன்னு திருப்பி அனுப்புனீங்க. வழியில மழை புடிச்சு முழு மூட்டையும் பூஞ்சணம் பூத்துப் போச்சு."

"ஐயா, அப்ப எனக்குத் தெரியாது."

"தங்கச்சி மூட்டை வந்ததும் தெரிஞ்சிருச்சாக்கும்?"

அவர் இன்றைய மூட்டையை அவிழ்க்கவே இல்லை. தோளில் ஏற்றிக்கொண்டு கடைப்படி இறங்கினார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக மூட்டையைத் தூக்கினார்கள்.